கம்பெனிக்குக் கொடுத்தால் மீட்பு, எனக்குக் கொடுத்தால் ஓசியா?

கேள்வி:

நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையம் பக்கம் எங்கள் ஊர். நானும் என் வீட்டுக்காரரும் பன்னிரண்டு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தோம். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து ஒரு பொதுத்துறை வங்கியில் ஆறு லட்சம் வாங்கித்தான் தறிகளைக் கூட்டினோம். கொரோனா ஊரடங்கில் தறி நின்றது. அப்புறம் நூல் விலை ஏறியதில், எங்களுக்குப் பாவு கொடுத்துக்கொண்டிருந்தவர்களே தொழிலைச் சுருக்கிக்கொண்டார்கள். எட்டுத் தறிகளை எடைக்குப் போட்டோம். கடனில் பாதிக்கு மேல் கட்டியும், வட்டி சேர்ந்து இன்னும் நாலேகால் லட்சம் நிற்கிறது. போன மாதக் கடைசியில் வங்கியிலிருந்து அறுபது நாள் நோட்டீஸ் வந்துவிட்டது.

எனக்கு மாதா மாதம் அரசின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. மளிகைக் கடை பாக்கியை அதில்தான் சமாளிக்கிறேன். என் கொழுந்தனார் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். பொங்கலுக்கு வந்தவர், "அண்ணி, இந்த மாதிரி ஓசிப் பணம் கொடுத்துக் கொடுத்துத்தான் நாடு கெட்டுப்போகுது. நாங்க கட்டுற வரியெல்லாம் இப்படித்தான் போகுது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "பெரிய கம்பெனிக்கு லட்சம் கோடி தள்ளுபடி பண்றாங்களே, அது யார் வரி?" என்று கேட்டேன். "அது தள்ளுபடியே இல்லை அண்ணி, கணக்கு விஷயம். உங்களுக்குப் புரியாது" என்று முடித்துவிட்டார்.

நிஜமாகவே அது வேறு, இது வேறா? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். எங்கள் நோட்டீஸுக்கு ஏதாவது வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன எழுதுவது, யாரைப் பார்ப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்லியிருக்கிறேன். நேரமில்லையென்றால் அதை மட்டுமாவது இன்றே படித்துவிடுங்கள்.

உங்கள் கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைத் தெரிந்துகொண்டால்தான் மீதிப் பாதிக்கு நீங்கள் பதில் சொல்ல முடியும்.

ஒரு கடனுக்கு 90 நாளுக்கு மேல் வட்டியோ தவணையோ வராவிட்டால் அது வாராக்கடன். அதற்கு ஈடாக வங்கி தன் லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவைத்துக்கொண்டே வர வேண்டும். சில ஆண்டுகளில் முழுத் தொகைக்கும் ஒதுக்கி முடித்ததும், அந்தக் கடனைச் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். வாங்கியவர் கட்ட வேண்டிய பொறுப்பு அப்படியே இருக்கும். வழக்கும் வசூலும் தொடரலாம். 2021-ல் தமிழ்நாட்டில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் ரத்தானதே, அது இந்த வகை இல்லை. அங்கே விவசாயியின் பொறுப்பே தீர்ந்தது. அவர் கட்ட வேண்டியதைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கும் பொறுப்பை அரசு ஏற்றது. கொழுந்தனார் சொல்ல வந்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

கையில் திரும்பி வந்த பணத்தைப் பார்த்தால் அந்த வித்தியாசம் சிறுத்துவிடுகிறது. 2014-15 முதல் 2022-23 வரையிலான ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் இப்படிக் கணக்கிலிருந்து எடுத்த கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல், 7.41 லட்சம் கோடி, பெருந்தொழில்களும் பெரிய சேவை நிறுவனங்களும் வாங்கியது. அதே காலத்தில் இப்படி எடுத்த கடன்களிலிருந்து வசூலானது 2.04 லட்சம் கோடி. நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு இது. நூறு ரூபாய்க்குப் பதினாலு ரூபாய் வந்திருக்கிறது. மீதி எண்பத்தாறும் சட்டப்படி உயிரோடு இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அந்த ஓட்டையை யாராவது அடைத்தாக வேண்டும் இல்லையா?

அடைத்தது நீங்கள்தான், கொழுந்தனாரும்தான். நஷ்டம் வங்கியின் முதலைத் தின்றபோது, 2016-17 முதல் 2020-21 வரை மத்திய அரசு பொதுத்துறை வங்கிகளில் சுமார் 3.1 லட்சம் கோடி ரூபாய் புது முதல் போட்டது. அதில் 2.76 லட்சம் கோடி கடன் பத்திரமாகப் போனது. அந்தப் பத்திரங்களுக்கு வட்டி ஆண்டுதோறும் பட்ஜெட்டிலிருந்து போகிறது. பட்ஜெட் பணம் என்றால் வருமான வரி மட்டும் இல்லை. நீங்கள் வாங்கும் சோப்பிலும், செல்போனுக்குப் போடும் ரீசார்ஜிலும் ஜி.எஸ்.டி. இருக்கிறது. "நாங்க கட்டுற வரி" என்று அவர் சொன்ன அந்த 'நாங்க'வில் நீங்களும் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-20 முதல் 2023-24 வரை ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள், சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்த அபராதம் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய். இருப்பு வைக்க முடியாதவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல வங்கிகள் 2025-ல்தான் இதைக் கைவிட்டன.

இதைப் படித்துவிட்டு, வங்கிகளை மூழ்க விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வங்கி மூடினால் முதலில் அடிபடுவது ஓய்வூதியத்தைப் போட்டு வைத்திருக்கும் வாத்தியார், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர், சம்பளம் கொடுக்கக் கணக்கு வைத்திருக்கும் சின்னப் பட்டறைக்காரர். வங்கியைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் வங்கியைக் காப்பாற்றும்போது அதன் முதலாளியையும், அங்கே கடன் வாங்கிய முதலாளியையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்களுக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கரூர் வணிகர்கள் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17-ல் அதன் மீது தடை வந்தது, யாரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று. பத்தே நாளில், நவம்பர் 27-ல், டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு அதை இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களின் முதல் முழுதும் பூஜ்யமானது. தாத்தா காலத்துப் பங்கை நம்பியிருந்த சாதாரணக் குடும்பங்களுக்கும் அது பெரிய அடி, அந்த வலியை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனாலும் வரிசை சரி: லாபம் வந்தபோது வாங்கிக்கொண்டவர் நஷ்டத்தில் முதலில் நிற்க வேண்டும், பணத்தை ஒப்படைத்தவர் கடைசியில். வரிப்பணமும் போகவில்லை. அதிகாரிகளுக்கு இப்படிச் செய்யத் தெரியும்.

பெரிய கடன்காரர் விஷயத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. 2014 நவம்பரில் குஜராத்தின் ஆனந்த் நகரில் பேசிய அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் இதைத்தான் வெளிப்படையாகச் சொன்னார்: தொழில் ஓடினால் லாபம் முதலாளிக்கு, ஓடாவிட்டால் நஷ்டம் வங்கிக்கு என்று பெரிய கடன்காரர்கள் நடந்துகொள்கிறார்கள். இடரே இல்லாத முதலாளித்துவம் அது என்றார். ஒரு ஆளுநர் இதைப் பொது மேடையில் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

2016-ல் திவால் சட்டம் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. கம்பெனி கடனைக் கட்டாவிட்டால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதை எடுத்து வேறொருவருக்கு விற்கலாம். 2017-ல் செய்த திருத்தம், கடனைக் கட்டாத பழைய முதலாளியே குறைந்த விலைக்குத் திரும்ப வாங்குவதைத் தடுத்தது. நல்ல சட்டம் என்றே சொல்வேன். ஆனால் வீடியோகான் கதையைப் பாருங்கள். பதின்மூன்று குழும நிறுவனங்கள், ஏற்கப்பட்ட பாக்கி ஏறத்தாழ 64,800 கோடி ரூபாய். 2021 ஜூனில் மும்பைத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்ட விலை 2,962 கோடி. நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. வாங்குபவர் கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுக்கவில்லையே என்று தீர்ப்பாயமே வருத்தப்பட்டு எழுதிவிட்டுத்தான் ஒப்புதல் தந்தது. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டில் அது ரத்தானது வேறு விஷயம். பொதுவாகவே இந்தச் சட்டத்தின் கீழ் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைப்பது பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நீங்கள் தறியை எடைக்குப் போட்டீர்களே, அதே கதைதான். ஓடுகிற தறிக்கு ஒரு விலை, நின்று துருப்பிடித்ததற்கு இரும்பு விலை. கம்பெனி தீர்ப்பாயத்துக்கு வரும்போது பெரும்பாலும் துருப்பிடித்துத்தான் வருகிறது. அதனால் மூன்றில் ஒரு பங்கு என்பதையே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஆறாத விஷயம் அதே சட்டத்துக்குள் இருக்கிறது. 2016 திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென்று ஒரு அத்தியாயம் உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாதவர், 20,000 ரூபாய்க்கு மேல் சொத்து இல்லாதவர், சொந்த வீடு இல்லாதவர், கடன் 35,000 ரூபாய்க்குள் இருந்தால், விண்ணப்பித்து அந்தக் கடனிலிருந்து விடுபட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு சின்ன வரம்பு பாருங்கள். உங்களுக்கே இது பொருந்தாது. பரம ஏழைக்கு மட்டும். அந்த அத்தியாயத்தை அரசு நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. கம்பெனிகளுக்கான பகுதி 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட முதலாளிகளுக்கான பகுதி 2019 டிசம்பரில் வந்தது. 35,000 ரூபாய்க் கடன்காரருக்கான பக்கங்கள் இன்னும் அச்சோடு நிற்கின்றன.

அவருக்கு இன்றும் இருப்பது வெள்ளைக்காரன் போட்ட 1909-ம், 1920-ம் ஆண்டுச் சட்டங்கள். நம் ஊர் பாஷையில் மஞ்சள் கடுதாசி. ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் ஊரில் அந்தக் குடும்பத்துக்கு என்ன பேர் என்று உங்களுக்குத் தெரியும். பெண் எடுக்க மாட்டார்கள், கைமாற்று கிடைக்காது, கோயில் வரி வாங்கவே யோசிப்பார்கள். கம்பெனி திவாலானால் அதை வாங்குகிற புது முதலாளிக்குப் பழைய குற்ற வழக்குகளின் சுமைகூட கம்பெனி மேல் வராதபடி சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நீங்கள் நாளைக்கு வங்கியோடு பேசித் தீர்த்துக்கொண்டாலோ, உங்கள் கடன் வரலாற்றில் 'முழுதாகக் கட்டவில்லை, பேசித் தீர்த்தது' என்ற குறிப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். அடுத்த கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து உட்காரும்.

மறுவாய்ப்பு என்பது நல்ல விஷயம். தொழிலில் நஷ்டம் வருவது குற்றமில்லை. கம்பெனிக்கு அதை ஏற்பாடு செய்து கொடுத்த நாடு, தறிக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஏன் ஏற்பாடு செய்யவில்லை? என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான்.

மரியாதை விஷயமும் அப்படித்தான். எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் பேர் கேட்டால், ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45இ பிரிவைக் காட்டி, கடன்காரர் விவரம் ரகசியம் என்றே பெரும்பாலும் பதில் வரும். யார் மேல் வங்கி வழக்குப் போட்டதோ, அவர்கள் பேர்தான் பெரும்பாலும் பட்டியலாக வெளியே வரும். இதே ஊரில் நாளிதழைப் பிரித்தால் நகை ஏல அறிவிப்பு பக்கம் பக்கமாக இருக்கும். பொடி எழுத்தில் கடன் எண், பேர், ஊர். இரண்டு சவரன் சங்கிலியை மீட்க முடியாதவரின் பேரைப் பக்கத்து வீட்டுக்காரர் டீக்கடையில் படிக்கிறார். நான் வேலையில் இருந்தபோது, பெரிய கடன்காரர்களோடு நடக்கும் கூட்டத்துக்கு வங்கிகள் ஓட்டலில் அறை எடுக்கும். வக்கீல், ஆடிட்டர் சூழ அவர் வந்து உட்காருவார். எல்லா வங்கியும் சேர்ந்து அவருக்குத் தவணையை நீட்டிக்கொடுக்கும் வழியைத் தேடும். கிளையில் நாலு லட்சம் பாக்கி வைத்தவர் மேனேஜர் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். அவருக்கும் தவணை நீட்ட விதியில் இடம் உண்டு. அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவிலும் நிதி நெருக்கடியின்போது இதைத்தான் பார்த்தோம். 2008 அக்டோபர் 13 அன்று வாஷிங்டனில் நிதியமைச்சர் ஹென்றி பால்சன் ஒன்பது பெரிய வங்கிகளின் தலைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்று மாலைக்குள் கையெழுத்தாகிவிட்டது, வங்கிகளுக்கு அரசுப் பணம் 12,500 கோடி டாலர். வீட்டுக்கடன் கட்ட முடியாத 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்குத் தவணையைக் குறைக்கும் திட்டம் அடுத்த ஆண்டு வந்தது. அவர்கள் சம்பளச் சீட்டு, வரிக் காகிதம் என்று அனுப்பிக்கொண்டே இருக்க, அந்தப் பக்கம் அதைத் தொலைத்துக்கொண்டே இருந்தார்கள். திட்டம் இலக்கை எட்டவேயில்லை. வங்கிகள் வாங்கிய பணத்தை லாபத்தோடு திருப்பிக் கொடுத்தன என்பதும் உண்மைதான். வீடு போன குடும்பத்துக்கு அது என்ன ஆறுதல்?

இனி உங்கள் ஆயிரம் ரூபாய். 2023-ல் அதற்கு அரசு என்னென்ன கேட்டது என்று நினைத்துப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள். நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், புஞ்சை பத்து ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். கார் கூடாது. 1.63 கோடி பேர் விண்ணப்பித்தார்கள், முதல் சுற்றில் 1.06 கோடி பேர் தேறினார்கள். மீதிப் பேர் மேல்முறையீட்டுக்கு அலைந்தார்கள். பொதுப்பணம் என்பதால் சரிபார்ப்பதில் தப்பில்லை. ஆனால் 2019 செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22-ஆகக் குறைத்தது. புது உற்பத்தி ஆலைகளுக்கு 15. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். வேறு சில வரிச்சலுகைகளை விட்டுக்கொடுத்தால் போதும். ஓர் ஆளைக் கூடுதலாக வேலைக்கு எடுக்க வேண்டும், ஒரு ரூபாய் முதலீடு செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே இருந்த கம்பெனிகளிடம் கேட்கவில்லை. கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் 2019-20-க்கும் 2022-23-க்கும் இடையில் கிட்டத்தட்ட நாலு மடங்கானதாகவும், வேலைக்கு ஆள் எடுப்பதும் சம்பளமும் அந்த வேகத்துக்கு ஏறவில்லை என்றும் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை எழுதியது. அரசின் சொந்த அறிக்கை அது.

முதல் சுற்றில் தேறியவர்களுக்கு உரிமைத் தொகை கொடுக்க ஆண்டுக்கு ஆன செலவு சுமார் 13,000 கோடி. ஒன்று மாநிலத்தின் பை, இன்னொன்று மத்திய அரசின் பை. நேராக வைத்து ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அளவு புரிய வேண்டும்: கம்பெனி வரியில் ஓர் ஆண்டு விட்டுக்கொடுத்ததாகச் சொன்ன தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பதினோரு ஆண்டு உரிமைத் தொகை. அந்தப் பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். உங்கள் ஆயிரம் அந்த மாதமே மளிகைக் கடைக்குப் போய்விடுகிறது. கடைக்காரர் அதை மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிறார். ஊருக்குள் ஓடுகிற பணம் அது.

ஏழைக்கு என்று வரும் எல்லாத் திட்டமும் சரி என்று நான் சொல்லப்போவதில்லை. கடன் ரத்து அவசரத்துக்குக் கொடுக்கும் மருந்து. தேர்தலுக்குத் தேர்தல் கொடுத்தால் ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளியாகிறார். அதைவிடப் பெரிய குறை, சேர வேண்டியவருக்குச் சேராமல் போவது. 2008-ல் மத்திய அரசு 4.29 கோடி விவசாயிகளின் 52,000 கோடிக்கும் மேற்பட்ட கடனை ரத்து செய்தது. தணிக்கைத் துறை 2013-ல் சோதித்துப் பார்த்தபோது, தகுதியிருந்தும் விடுபட்டவர்களும், தகுதியில்லாமல் பெற்றவர்களும் ஏராளமாக வெளியே வந்தார்கள். காவிரி டெல்டாவில் குத்தகைக்கு உழுபவருக்கு அவர் பேரில் அடங்கல் கிடைப்பது பெரும்பாடு. கடனே நில உடைமையாளர் பேரில் இருக்கும், அல்லது கந்துவட்டிக்காரரிடம் இருக்கும். ரத்து அறிவிப்பு அவர் வீட்டு வாசலுக்கு வராது. கூட்டுறவு நகைக்கடனில் ஐந்து சவரன் வரை ரத்து என்று அறிவித்தபோது, 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதியில்லை என்று ஒதுக்கினார்கள். முறைகேடு செய்தவர்கள் அதில் இருந்தார்கள்; நிபந்தனையின் நூலிழையில் விழுந்த நேர்மையானவர்களும் இருந்தார்கள். இதற்கெல்லாம் நேர்மாறாக, நம் ரேஷன் கடையைப் பாருங்கள். 1997-ல் நாடு முழுவதும் வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லாருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. ஏழை என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவமானம் அங்கே இல்லை. அடிப்படைத் தேவைக்கு அந்த வழிதான் எனக்குப் பிடித்தது.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். "தம்பி, அரசாங்கம் யாருக்கும் கைகொடுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னா, உங்க கம்பெனி வரிக்குறைப்பையும் சேர்த்துச் சொல்லுங்க. கைகொடுக்கலாம்னு சொன்னா, எனக்குக் கேட்ட கேள்வியை அவங்களுக்கும் கேளுங்க: பணம் எதுக்கு, பதிலுக்கு என்ன செய்வீங்க, நஷ்டம் வந்தா முதல்ல யார் தாங்குவீங்க?" என்று கேளுங்கள். படித்தவர், யோசிப்பார்.

இப்போது நோட்டீஸ். அதில் போட்டுள்ள தேதியிலிருந்து அறுபது நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் பதில் போடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கடன் எண், இதுவரை கட்டியது, தறி நின்ற காலம், இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை எழுதி, ஒரே தவணைத் தீர்வுக்கு வழி கேளுங்கள். முழுக் கணக்கு விவரமும் கேளுங்கள். அபராதத்தை வட்டியாகப் போட்டு, அதற்கு மேல் வட்டி ஏற்றக் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அந்த நாலேகால் லட்சத்தில் அப்படி ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆட்சேபத்துக்கு 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்போதே நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் அளவுக் கடனை மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம், நீதிமன்றக் கட்டணம் இல்லை. வங்கிக்காரர்கள் அங்கே வட்டியில் நன்றாகவே இறங்கிவருவார்கள், நானே இறங்கியிருக்கிறேன். பேச்சு முறிந்து வங்கி வீட்டைக் கையகப்படுத்த வந்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மீறினால் தேதி, நேரத்தோடு குறித்துவைத்து வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்கும் செலவில்லை.

உங்கள் ஊரில் இன்னும் தறி ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள சிறு தொழிலுக்கு, தவணை தடுமாறும்போதே மறுசீரமைப்புக்கு வங்கியில் ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2016 மார்ச்சிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டது. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு வைத்திருப்பவர் அதைச் சொல்லி, கடன் வாராக்கடன் ஆவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். ஆன பிறகு கேட்பது கடினம், ஆனாலும் நோட்டீஸுக்கான பதிலில் நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.  பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

தீர்வுத் தொகை முடிவானால், வங்கி அதைக் கடிதமாகக் கொடுக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கட்டி முடித்ததும் வீட்டுப் பத்திரத்தையும் பாக்கி இல்லை என்ற சான்றையும் கையோடு வாங்குங்கள். அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீதையும் வங்கி அங்கே பதிவு செய்து தர வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுப் பிறகு அலைகிறார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அடமானம் நீங்கிய பதிவு வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.